வருஷா வருஷம் ஒரு போர்

போன வாரம் விடுதி அறையில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வயல்வெளி. ஆயிரம் பேருக்கு மேல் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு, கொடி பிடித்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் வாளால் அடித்துக்கொள்கிறார்கள். குதிரைகள் ஓடுகின்றன. எங்கோ பீரங்கி வெடித்துப் புகை கிளம்புகிறது. சுற்றிலும் கயிறு கட்டி, அதற்கு அப்பால் பல்லாயிரம் பேர் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி வேடிக்கை பார்க்கிறார்கள்.

"என்னடா இது, இந்த வயசுல ராஜா மந்திரி விளையாட்டு?" என்றான் அறை நண்பன். நானும் சிரித்தேன். இரும்புச் சட்டைக்குள் வெயிலில் வேகும் நாற்பது வயது கணக்காளரைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால் அது எந்த இடம், எந்தப் போர் என்று தேடிப் படித்த பிறகு என் சிரிப்பு கொஞ்சம் அடங்கிவிட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வயலில் தகரம் மாட்டிக்கொண்டு விழுந்து எழுகிற ஆசாமிகள், அந்தப் போரின் பெயரால் சிலை வைத்தவர்களையும் கவிதை பாடியவர்களையும்விட நல்ல காரியம் செய்கிறார்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இடம் போலந்தின் வடக்கே இருக்கும் க்ருன்வால்ட் என்ற கிராமம். 1410 ஜூலை 15-ம் தேதி அங்கே ஐரோப்பிய இடைக்காலத்தின் மிகப் பெரிய போர்களில் ஒன்று நடந்தது. ஒரு பக்கம் போலந்து அரசன் யகியெவோவும் அவனுடைய சித்தப்பா மகனான லிதுவேனியாவின் வீட்டவுட்டாஸும். இன்னொரு பக்கம் டியூட்டானிக் சபை. இந்தச் சபைக்காரர்கள் பாதி சாமியார், பாதி சிப்பாய். வெள்ளை அங்கி, அதில் கறுப்புச் சிலுவை. பால்டிக் கடலோரத்தில் இருந்த பழைய பிரஷ்யர்களை மதம் மாற்றுகிறோம் என்று வந்து, தங்களுக்கென்று ஒரு தனி அரசையே கட்டிக்கொண்டவர்கள். அவர்களைக் கூப்பிட்டது யார் தெரியுமா? 1220-களில் மசோவியாவை ஆண்ட கொன்ராட் என்கிற போலிஷ் இளவரசன்தான். ஓணானைத் தூக்கி மடியில் விட்டுக்கொண்ட கதை.

பல மணி நேரம் நடந்த சண்டையின் முடிவில் சபையின் தலைவர் உல்ரிஹ் ஃபான் யுங்கிங்கன் களத்திலேயே கொல்லப்பட்டார். சபையின் பெரிய அதிகாரிகளில் பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். ஆனால் யகியெவோ அடுத்துப் போய் முற்றுகையிட்ட மால்போர்க் கோட்டை விழவில்லை. 1411-ல் தோருன் நகரில் ஓர் உடன்படிக்கை போட்டார்கள், அதில் சபை இழந்த நிலம் ரொம்பக் குறைவு. இவ்வளவுதான் விஷயம். பெரிய வெற்றி, சுமாரான பலன்.

ஒரு போர் இத்தோடு முடிந்துவிட்டால் வரலாற்றுப் பாடத்தில் இரண்டு மார்க் கேள்வியாக இருந்துவிட்டுப் போயிருக்கும். க்ருன்வால்ட் அப்படி முடியவில்லை. அந்தப் போரைத் திரும்பத் திரும்ப யார் யாரோ நடத்தினார்கள். கவசம் போடாமலேயே நடத்தினார்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

18-ம் நூற்றாண்டின் இறுதியில் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இருந்து காணாமல் போனது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. நாடு இல்லாத மக்களுக்குப் பழைய வெற்றிதான் மிச்சம். யான் மாதெய்கோ என்ற ஓவியர் 1878-ல் க்ருன்வால்ட் போரை வரைந்து முடித்தார். நான்கு மீட்டருக்கு மேல் உயரம், கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். நடுவில் சபைத் தலைவர் சாகிறார். 1900-ல் சென்கியெவிச் எழுதிய நாவல் புத்தகமாக வந்தது. 1910-ல், போரின் 500-வது ஆண்டில், கிராக்கோவ் நகரில் பெரிய நினைவுச்சின்னம் வைத்தார்கள். பணம் கொடுத்தவர் பியானோ மேதை பதெரெவ்ஸ்கி.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1901-ல் பிரஷ்யர்கள் அதே போர்க்களத்தில் யுங்கிங்கனுக்கு ஒரு கல் நட்டார்கள். ஜெர்மானியத்தனத்துக்காக அவர் வீரமரணம் அடைந்தார் என்கிற பொருளில் அதில் எழுத்து. 1914 ஆகஸ்டில் அதே வட்டாரத்தில் ஜெர்மன் படை ரஷ்யப் படையை நொறுக்கியபோது, அந்த வெற்றிக்கு டானன்பெர்க் என்று பெயர் வைத்தார்கள். 1410 போரை ஜெர்மானியர்கள் அழைத்த பெயர் அதுதான். ஐந்நூறு வருஷத்துக் கடனை வட்டியோடு தீர்த்தாயிற்று என்று அர்த்தம். 1927-ல் அதற்கு ஒரு பிரம்மாண்டமான கோட்டை மாதிரி நினைவகம் திறந்தார்கள். 1934-ல் ஹிண்டன்பர்க்கை அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

இதுவரை வெறும் கல், மண், சாயம் என்று விட்டுவிடலாம். அடுத்தது அப்படி இல்லை. 1939-ல் நாஜிகள் போலந்துக்குள் நுழைந்தபோது, போலந்தின் ஆசிரியர்கள், பாதிரியார்கள், அரசியல்வாதிகள், படித்தவர்கள் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். அந்த நடவடிக்கைக்கு வைத்த சங்கேதப் பெயர் டானன்பெர்க். கிராக்கோவ் நினைவுச்சின்னத்தை உடைத்தார்கள். மாதெய்கோவின் ஓவியத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பரிசு அறிவித்தார்கள். அதை லூப்லின் நகரத்தில் மண்ணுக்கடியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். ஓர் ஓவியம் எங்கே இருக்கிறது என்று சொல்ல மறுத்து உயிரைப் பணயம் வைக்கிற அளவுக்கு, அந்தப் பழைய போர் அப்போது நிகழ்காலமாக இருந்தது.

போர் முடிந்ததும் கம்யூனிஸ்ட் அரசும் விடவில்லை. "க்ருன்வால்ட் 1410, பெர்லின் 1945" என்று சுவரொட்டி அடித்தார்கள். 1960 ஜூலையில், 550-வது ஆண்டு விழாவில், போர்க்களத்தில் பெரிய நினைவுச்சின்னம் திறந்தார்கள். அதே சமயத்தில் சென்கியெவிச் நாவல் சினிமாவாக வந்தது. போலந்தில் மிக அதிகம் பேர் பார்த்த படங்களில் அதுவும் ஒன்று. வெள்ளை அங்கி என்றால் வில்லன். நம்மூர் நம்பியார் மாதிரி, பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டுதான் அந்தத் தகரக் கவச ஆசாமிகளைப் பார்க்க வேண்டும்.

போலந்தில் வீரர் சகோதரத்துவம் என்ற பெயரில் இயங்கும் குழுக்கள் நிறைய இருக்கின்றன. 1977-ல் கோலூப் கோட்டையில் நடந்த வீரர் போட்டி இதற்கெல்லாம் முன்னோடி. 1989-க்குப் பிறகு, அரசு கையைக் கட்டிவைக்காத காலத்தில், ஊருக்கு ஊர் குழுக்கள் முளைத்தன. 1998-ல் இருந்து க்ருன்வால்ட் வயலில் ஜூலை மாதம் போரை மறுபடி நடத்திக் காட்டுகிறார்கள். அரசாங்கம் சம்பளம் கொடுத்து நடத்தும் நாடகம் இல்லை இது. ஆசிரியர், மெக்கானிக், கம்ப்யூட்டர்காரர், மாணவர் என்று எல்லோரும் கைக்காசு போட்டுக் கவசம் செய்துகொண்டு வருகிறார்கள்.

அவர்கள் செய்வதில் எனக்குப் பிடித்த விஷயங்கள் மூன்று.

முதலாவது, ஆதாரம் கேட்கும் பழக்கம். நல்ல குழு ஒன்றில் சேர்ந்தால், சட்டையில் ஒரு பொத்தான் தைப்பதற்கும் கேள்வி வரும். இந்தப் பொத்தான் எந்த அகழாய்வில் கிடைத்தது? எந்தச் சுவரோவியத்தில் இருக்கிறது? 1410-க்கு முந்தியதா, பிந்தியதா? கொடிகள் விஷயத்தில் இவர்களுக்கு ஓர் அபூர்வமான ஆதாரம் இருக்கிறது. போரில் கைப்பற்றிய எதிரிக் கொடிகளை யகியெவோ கிராக்கோவ் தேவாலயத்தில் தொங்கவிட்டான். 1448-ல் 56 கொடிகளை ஓர் ஓவியரை வைத்துப் படமாக வரைய வைத்தார் யான் த்வுகோஷ் என்ற வரலாற்றாசிரியர். அசல் துணிகள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. அந்தப் படப் புத்தகம் மட்டும் இருக்கிறது. இன்று வயலில் பறக்கும் சபைக் கொடிகள் அதைப் பார்த்துத் தைத்தவை. பெருமை பேசுகிறவனுக்கு "சுமாராக இப்படி இருந்தது" என்றால் போதும். ஊசியும் நூலுமாக உட்காருகிறவனுக்குப் போதாது.

சாப்பாட்டிலும் இதே கெடுபிடிதான். முகாமுக்குள் உருளைக்கிழங்கு கூடாது, தக்காளி கூடாது. இரண்டும் அமெரிக்காவில் இருந்து பின்னால் வந்தவை. உருளைக்கிழங்கு இல்லாத போலந்துச் சாப்பாட்டைக் கற்பனை செய்வது, மிளகாய் இல்லாத நம் சாப்பாட்டைக் கற்பனை செய்வது போலத்தான். (மிளகாயும் அதே கப்பல் வழியில் வந்ததுதான். 1410-ல் நம் தாத்தாவுக்குத் தாத்தா மிளகைத்தான் கடித்துக்கொண்டிருந்தார்.) "எங்கள் பாரம்பரியம் ஆதிகாலம் முதல் இப்படியே" என்று பேசுகிறவனை மூன்று நாள் இந்த முகாமில் உட்கார வைத்தால் போதும். எதுவும் ஆதிகாலம் முதல் அப்படியே இல்லை என்று வயிறு கற்றுக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, எதிரியாக நடிக்க ஆள் வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. போரில் இரண்டு பக்கம் உண்டு. எல்லோரும் யகியெவோ பக்கமே நின்றால் போர் நடக்காது. அதனால் நூற்றுக்கணக்கான போலந்துக்காரர்கள் தாங்களாகவே விரும்பி வெள்ளை அங்கியும் கறுப்புச் சிலுவையும் அணிகிறார்கள். அதற்காக வருஷக்கணக்கில் சபையின் விதிகளைப் படிக்கிறார்கள். எந்த நேரத்துக்கு ஜெபம், என்ன சாப்பாடு, தாடி எப்படி என்றெல்லாம் தெரிந்துகொள்கிறார்கள். அதே வயலுக்கு ஜெர்மனியில் இருந்தும் குழுக்கள் வருகின்றன. செக் நாடு, லிதுவேனியா என்று பல நாட்டில் இருந்தும் வருகிறார்கள். எந்தப் பக்கம் நிற்பது என்பதை ரத்தம் முடிவு செய்வதில்லை, தைத்து வைத்திருக்கும் உடுப்பு முடிவு செய்கிறது. மாதெய்கோவின் தாத்தா காலத்து ஆளிடம் இதைச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்.

வில்லனின் காலணியில் கொஞ்ச நேரம் நின்றால் அவன் ஏன் வந்தான் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பாடப்புத்தகக் கதை ஆட்டம் காணும். 1454-ல் டியூட்டானிக் சபைக்கு எதிராகக் கலகம் செய்தது யார்? சபையின் சொந்தக் குடிகள். டான்சிக், தோருன் போன்ற நகரங்களில் ஜெர்மன் பேசிய வியாபாரிகள். அவர்கள் போலந்து அரசனிடம் போய், எங்களை உன் ஆட்சியில் சேர்த்துக்கொள் என்று கேட்டார்கள். பதின்மூன்று வருஷப் போர் நடந்து, 1466-ல்தான் சபையின் முதுகு உண்மையில் உடைந்தது. ஆக, போலந்துக்காரன் ஜெர்மன்காரனை வென்றான் என்ற ஒற்றை வரிக் கதை 19-ம் நூற்றாண்டின் தயாரிப்பு. 15-ம் நூற்றாண்டு ஆட்களுக்கு வரியும் வியாபாரமும் ராஜ விசுவாசமும்தான் கணக்கு.

மூன்றாவது, சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறார்கள். க்ருன்வால்டில் ஒரு பழைய சண்டை உண்டு. போரின் ஆரம்பத்தில் லிதுவேனியப் படை பின்வாங்கியது. அது பயந்து ஓடியதா, தந்திரமாக ஓடிக் காட்டியதா? த்வுகோஷ் ஓடியதாகத்தான் எழுதினார். போலந்தில் பல காலம் அதையே படித்தார்கள். லிதுவேனியர்களுக்குச் சுருக்கென்று தைக்காதா? அவர்கள் அந்தப் போரைத் தங்கள் மொழியில் ஜால்கிரிஸ் என்கிறார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற கூடைப்பந்து அணிக்கே அந்தப் பெயர்தான். 1963-ல் ஸ்வென் எக்டால் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் ஒரு பழைய கடிதத்தை வெளியிட்டார். போருக்குச் சில வருஷம் கழித்து சபையின் தலைமைக்கு எழுதியது. எதிரி வேண்டுமென்றே பின்வாங்கி நம் வரிசையைக் குலைக்கப் பார்ப்பான், பெரிய போரில் நடந்ததுபோல் ஆகிவிடக் கூடாது என்று எச்சரிக்கும் கடிதம். தந்திரம் என்ற கட்சிக்கு அது பெரிய பலம். ஒரு நாட்டின் மானம் ஒரு கடிதத்தில் தொங்குகிறது பாருங்கள். போரை நடத்திக் காட்டுகிறவன் இதில் நழுவ முடியாது. லிதுவேனியக் குதிரைகளை ஓட வைக்கும்போது, திரும்பி வர வைப்பதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்தாக வேண்டும்.

படையின் எண்ணிக்கையே உறுதியில்லை. வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசப்படுகின்றன. போர் வரிசை எந்த இடத்தில் சரியாக நின்றது என்பதிலும் விவாதம். போருக்கு மறுவருஷம் களத்தில் கட்டிய சிற்றாலயத்தின் இடிபாட்டைத் தோண்டியபோது கூட்டுப் புதைகுழிகள் கிடைத்தன. அருங்காட்சியகம் தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு உலோகம் தேடும் கருவியோடு இன்னும் வயலைத் தேடிக்கொண்டிருக்கிறது. 2020-ல் இரண்டு போர்க்கோடரிகள் கிடைத்தன. இப்படிப் பொறுமையாகத் தேடுவதைவிட மரியாதையான தேசபக்தி வேறு என்ன இருக்கிறது?

சரி, புகழ்ந்தது போதும். குறைக்கு வருகிறேன்.

போலந்தின் இடைக்காலம் என்றால் கவசமும் வாளும் மட்டுமா? கூட்டம் சேருவது போருக்குத்தான், அதனால் விழா என்றாலே போர் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த நாட்டின் இடைக்காலத்தில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது அதன் தொடர்புகள். போலந்து என்ற அரசைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றை எழுதியவர் இப்ராஹிம் இப்னு யாக்கூப். இன்றைய ஸ்பெயினில் இருந்த தோர்தோசா ஊர்க்காரர், யூதர், எழுதியது அரபியில். 965-ஐ ஒட்டிய பயணம். மியெஷ்கோ அரசனிடம் கவசம் அணிந்த மூவாயிரம் வீரர்கள் இருந்தார்கள் என்று சொல்வது அவர்தான். கவனியுங்கள். போலந்துக் கவச வீரன் எழுத்தில் நடந்து வருவதே ஒரு யூதப் பயணியின் அரபிக் குறிப்பில்!

இன்னும் இருக்கிறது. போலந்து மண்ணில் தோண்டினால் அரபு நாட்டு வெள்ளிக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. 12-ம் நூற்றாண்டின் இறுதியில், மூன்றாம் மியெஷ்கோ காலத்துப் போலந்து நாணயங்களில் ஹீப்ரு எழுத்து இருக்கிறது. 1264-ல் காலிஷ் நகரில் ஒரு பிரபு யூதர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்து எழுதிய சாசனத்தை, 1334-ல் மூன்றாம் காசிமிர் அரசன் உறுதி செய்தான். மியெஷ்கோவின் மகள் ஒருத்தி டென்மார்க் அரசன் ஸ்வெய்னுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று அக்காலத்து ஜெர்மானியப் பாதிரியார் தீட்மார் எழுதுகிறார். அவள் பெற்ற பிள்ளைதான் இங்கிலாந்தை ஆண்ட கனூட். இங்கிலாந்து அரசனுக்குப் போலந்து தாய்வீடு!

க்ருன்வால்டிலேயே, வெற்றி பெற்ற பக்கத்தில், டாட்டர் முஸ்லிம் குதிரைப்படை நின்றது. தோக்தமிஷ் கானின் மகன் ஜலாலுத்தீன் தலைமையில் வந்தவர்கள். லிதுவேனியாவில் குடியேறிய டாட்டர்களின் வழிவந்தவர்கள் இன்றும் போலந்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறார்கள். க்ரூஷினியானி, போஹோனிகி என்ற இரண்டு கிராமங்களில் மரத்தால் கட்டிய பழைய மசூதிகள் உண்டு. ஸ்மோலென்ஸ்க் பகுதியின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் அதே வரிசையில் நின்றார்கள். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைக்குக் கடைசியில் ஞாபகம் இருப்பது வெள்ளை அங்கியும் பளபள வாளும்தான். இந்த டாட்டர் ஆளும், அந்த ஹீப்ரு எழுத்துக் காசும் ஞாபகத்தில் நிற்பதில்லை. நியாயமாகச் சொன்னால், எல்லாக் குழுக்களும் இப்படி இல்லை. வோலின் தீவில் ஸ்லாவியர் - வைகிங் விழா நடக்கிறது. அங்கே தறி நெய்பவர், தோல் பதனிடுபவர், கண்ணாடி மணி செய்பவர், காசு அடிப்பவர் என்று தொழிலாளர்களையும் பார்க்கலாம். சண்டைக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியாவது எல்லா விழாவிலும் இவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்பது என் கேள்வி.

அடுத்தது குறை இல்லை, பயம்.

இகோர் கிர்கின் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஸ்ட்ரெல்கோவ் என்றும் சொல்வார்கள். ரஷ்யாவில் பழைய போர்களை நடத்திக் காட்டும் குழுக்களில் ஈடுபாட்டோடு இருந்தவர். சாரிஸ்டு காலத்து அதிகாரி உடுப்பில் அவர் நிற்கும் படங்கள் பிரபலம். 2014-ல் அவரே ஆயுதக் குழுவோடு கிழக்கு உக்ரைனுக்குள் புகுந்து உண்மையான போரை நடத்தினார். அந்த வருஷம் ஜூலையில் மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்த வழக்கில், 2022-ல் நெதர்லாந்து நீதிமன்றம் அவர் இல்லாமலேயே விசாரித்து ஆயுள் தண்டனை விதித்தது. வேஷம் கட்டியதால்தான் அவர் அப்படி ஆனார் என்று நான் சொல்லவில்லை. அவர் உளவுத்துறையில் வேலை பார்த்தவர், ஏற்கெனவே வேறு போர்களுக்குப் போனவர். ஆனால் இறந்துபோன ஒரு சாம்ராஜ்யத்தின் உடுப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்க்கும்போது, சிலருக்கு அது உடுப்பாகத் தெரிவதில்லை. உத்தரவாகத் தெரிகிறது. அந்த ஒரு சிலர் போதும்.

போலந்துக்கும் இதன் சொந்தப் பதிப்பு இருக்கிறது. பழங்காலத்தில் ரோமையே எதிர்த்து நின்ற மாபெரும் லெஹியா என்ற ஸ்லாவியப் பேரரசு இருந்ததாம், சதி செய்து மறைத்துவிட்டார்களாம். இதைச் சொல்லும் புத்தகங்கள் 2010-களில் நன்றாக விற்றன. இதற்கு ஆதாரமாகக் காட்டும் நூல்களில் ஒன்று 18-ம் நூற்றாண்டில் தயாரித்த போலி. வரலாற்றாசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இந்த மாதிரிச் சரக்கு வாட்ஸப்பில் எப்படிப் பரவும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை :-)

இதனால்தான் நான் சொன்ன நிபந்தனை முக்கியமாகிறது. இந்த விளையாட்டு நல்லதாக இருப்பது அதன் விதிகளால். வாளின் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். முடிவு எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பக்கமும் நிற்கத் தயாராக இருக்க வேண்டும். பொத்தானுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். இந்த நான்கில் ஒன்று போனாலும் மற்றவை சீக்கிரம் போய்விடும். "நான் எதிரி உடுப்பு போட மாட்டேன்" என்று ஒருவன் சொன்னால், அங்கே வரலாறு முடிந்துவிட்டது, கட்சி ஆரம்பித்துவிட்டது. "ஆதாரம் எதற்கு, மனசுக்குத் தெரியும்" என்று சொன்னால் அதைவிட ஆபத்து. 2010 வாக்கில் தொடங்கிய முழுவேகக் கவசச் சண்டைப் போட்டிகளில் நாட்டுக்கு ஒரு அணி, தேசியக் கொடி எல்லாம் உண்டு. விளையாட்டு என்ற அளவில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை வரலாறு என்று சொல்லாதீர்கள். 1410-ல் அந்த வயலில் நின்றவர்கள் யாரும் இன்றைய தேசியக் கொடி எதையும் பிடித்திருக்கவில்லை.

"ஆயிரக்கணக்கானோர் செத்த இடத்தில் ஐஸ்கிரீம் விற்கலாமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தப் புதைகுழிகளைப் பற்றிப் படித்தபோது நெருடியது. ஆனால் மாற்று என்ன? ஆறு நூற்றாண்டாக அந்த இடத்தில் மௌன அஞ்சலியா நடந்துகொண்டிருந்தது? கல் நட்டார்கள், கல்லை உடைத்தார்கள். பழிவாங்கும் பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரில் ஆட்களைக் கொன்றார்கள். மரியாதையான, விறைப்பான, வாத்தியம் முழங்கிய நினைவு விழாக்கள்தான் அந்த வேலையைச் செய்தன. ஐஸ்கிரீம் யாரையும் கொன்றதில்லை.

அந்த வீடியோவின் கடைசிக் காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். சண்டை முடிந்துவிட்டது. சபைத் தலைவர் இந்த வருஷமும் செத்துவிட்டார். வயல் முழுக்க வெள்ளை அங்கிகள் கிடக்கின்றன. கூட்டம் கைதட்டுகிறது. அப்புறம் பிணங்கள் ஒவ்வொன்றாக எழுந்திருக்கின்றன. கொன்றவன் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறான். ஒருத்தன் தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் கேட்கிறான். இருவரும் எங்கோ அடிபட்ட விரலைக் காட்டிச் சிரிக்கிறார்கள். யார் போலந்து, யார் ஜெர்மனி என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அறை நண்பன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "அடுத்த வருஷமும் இதையே பண்ணுவாங்களா?" என்று கேட்டான். பண்ணுவார்கள்டா. பண்ணட்டும்.